தூரம் கேட்டு ஊர் கேளாத அட்டவணை: ஓசூர்–பெங்களூரு அன்றாட வேலைப் பயணமும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும்

இந்தியாவின் மாநில எல்லைகள் உழைப்பாளர் நடமாட்டத்துக்குத் தடையாக நிற்கின்றன என்பது இடப்பெயர்வு ஆய்வுகளில் இன்று ஏறத்தாழ முடிந்த முடிவாகப் பேசப்படுகிறது. ஒரே மாநிலத்தின் இரு அண்டை மாவட்டங்களுக்கிடையே குடிபெயர்வோரைவிட, எல்லைக்கு இருபுறமும் ஒட்டிக் கிடக்கும் மாவட்டங்களுக்கிடையே குடிபெயர்வோர் குறைவு. ரேஷன் அட்டையும் இடஒதுக்கீடும் கல்லூரிச் சேர்க்கையும் மாநிலத்தோடு கட்டப்பட்டிருப்பதே அதற்குக் காரணம் என்பது அவ்வாய்வுகளின் சாரம். இதன் முதற்பாதியை நான் மறுக்கவில்லை. எல்லை தாண்டிய குடிபெயர்வு குறைவுதான். ஆனால் குடிபெயர்வு குறைந்தால் நடமாட்டமும் குறைந்துவிடுகிறது என்று அங்கிருந்து தாவுகிறார்களே, அந்தத் தாவலுக்குத் தரப்படும் சான்று அதைத் தாங்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

என் எடுத்துக்காட்டு ஓசூர். தில்லியைச் சுற்றியுள்ள குருகிராமமும் நொய்டாவும் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டுகள்தாம். ஆனால் அங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசியத் தலைநகர் வட்டாரத் திட்டக் குழு அமைந்திருக்கிறது. எல்லை கடந்த வட்டாரம் என ஒன்று இருப்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. பெங்களூரு வட்டாரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பெங்களூரு பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையத்தின் வரைபடம் கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளியோடு நின்றுவிடுகிறது. ஓசூரின் நகரமைப்புத் திட்டம் தமிழ்நாட்டுப் பக்கத்து ஜூஜூவாடியோடு நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே நான்கைந்து கிலோமீட்டர்கூட இல்லை. காலை ஏழு மணிக்கு அந்தச் சாலையில் நின்று பார்ப்பவர்களுக்கு, அங்கே தொழிலாளர் நடமாட்டத்தை எல்லை தடுக்கிறது என்ற வாக்கியம் வேறு ஏதோ நாட்டைப் பற்றியதாகத்தான் படும். கம்பெனி பஸ்கள், தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய இருசக்கர வண்டிகள், ஆள் நிறைந்த வேன்கள் எல்லாம் வடக்கே போகின்றன. அதே நேரத்தில் ஆனேக்கல், அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கு ஷிஃப்ட் ஆட்கள் தெற்கே வருகிறார்கள்.

கண்ணால் கண்டது ஆய்வாகாது என்பதை அறிவேன். ஆகவே, எதிர்த் தரப்பு எந்தச் சான்றை நம்பி நிற்கிறதோ அதையே எடுத்துக்கொள்கிறேன். அது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பி-28 அட்டவணை. விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்வோர் நீங்கலான ‘இதரத் தொழிலாளர்கள்’ தம் வீட்டிலிருந்து வேலை செய்யும் இடத்துக்கு எவ்வளவு தூரம் போகிறார்கள், எதில் போகிறார்கள் என்பதைச் சொல்லும் அட்டவணை. நாடு முழுவதற்கும் அன்றாட வேலைப் பயணத்தைப் பற்றிக் கிடைக்கும் விரிந்த சான்று என்று இதைத்தான் சொல்ல வேண்டும். இதை வைத்து எழுதப்பட்டவற்றில் திரும்பத் திரும்ப வரும் வாசிப்பு இது: பயணம் போவோரில் மிகப் பலர் பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறார்கள், முப்பதுக்கு மேற்பட்ட தூரங்களில் ஆட்கள் அருகிப்போகிறார்கள், ஆகவே இந்தியத் தொழிற்சந்தை சிறு சிறு வட்டங்களாகச் சிதறியது, எல்லைப்புற மாவட்டங்களிலும் அப்படியே இருப்பதால் எல்லை தாண்டிய பயணம் பொருட்படுத்தத் தக்கதன்று.

இந்த வாசிப்பில் நான்கு கோளாறுகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. முதற்கோளாறுதான் அடிப்படையானது, ஆகவே அதில் சற்று நின்று போகிறேன்.

அட்டவணையின் கட்டங்கள் இவை: பயணம் இல்லை, 0–1, 2–5, 6–10, 11–20, 21–30, 31–50, 51க்கு மேல், தூரம் குறிப்பிடாதோர். இவற்றில் எந்தக் கட்டத்திலும் ஊர் பெயர் கிடையாது, திசையும் கிடையாது. எல்லையைத் தாண்டுவது நெடுந்தூரப் பயணமாகத்தான் இருக்கும் என்று வாசகர் தாமாகக் கருதிக்கொண்டால் ஒழிய, தூரக் கட்டங்களிலிருந்து எல்லையைப் பற்றி ஒரு சொல்கூடப் பெற முடியாது. ஓசூரில் அந்தக் கருதுகோள் அப்படியே நொறுங்கிவிடுகிறது. ஜூஜூவாடியில் குடியிருந்து அத்திப்பள்ளித் தொழிற்பேட்டைக்குப் போகிறவர் ‘2–5’ என்ற கட்டத்தில் விழுவார். அவர் தினமும் மாநிலம் மாறுகிறார். அட்டவணையோ தெருமுனை மளிகைக் கடைக்கு வேலைக்குப் போகிறவரோடு அவரைச் சேர்த்துவிடுகிறது. ஓசூர் நகரிலிருந்து பொம்மசந்திரா ஆலைக்குப் போகிறவர் ‘11–20’இல் இருப்பார். பாகலூரிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு, அதாவது தமிழ்நாட்டுக்குள்ளேயே, வருகிறவரும் அதே கட்டத்தில்தான் இருப்பார். ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி இருபது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். சூளகிரியும் தேன்கனிக்கோட்டையும் ஏறத்தாழ இருபத்தைந்து. மூன்றுக்கும் ஒரே கட்டம். ஓசூரிலிருந்து பெங்களூரு மெஜஸ்டிக் நாற்பது கிலோமீட்டர். கிருஷ்ணகிரி ஐம்பதை ஒட்டி வரும். நீளமான கட்டத்தில் இருப்பவர் மாநிலத்துக்குள்ளும் குறுகிய கட்டத்தில் இருப்பவர் மாநிலத்துக்கு வெளியிலும் வேலை பார்க்கக்கூடிய ஓர் ஊரில், தூரத்தை எல்லைக்குப் பதிலியாகக் கொள்வது அளவீடே ஆகாது. குறுந்தூரக் கட்டங்களில் ஆட்கள் குவிந்திருப்பதை எல்லைக்குள் அடங்கிய சந்தைக்குச் சான்றாகக் காட்டியவர்கள், எல்லையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் ஒரு நகரம் இருக்கக்கூடும் என்பதை மறந்துவிட்டார்கள்.

இரண்டாவது கோளாறு, அட்டவணை யாரை ஒரே வரியில் சேர்க்கிறது என்பது பற்றியது. எல்லைப்புறத்தைப் பற்றிய வாசிப்புகள் பெரும்பாலும் மாவட்ட வரியையே எடுத்தாள்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதற்குள் ஓசூரும் உண்டு, ஊத்தங்கரையும் உண்டு, போச்சம்பள்ளியும் உண்டு. ஊத்தங்கரையின் தொழிலாளருக்குப் பெங்களூரு அன்றாடம் போய்வரும் தூரத்தில் இல்லை. 2011இல் ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை 1.16 லட்சம், மாவட்டத்தின் மக்கள்தொகையோ பதினெட்டு லட்சத்துக்கு மேல். மாவட்டச் சராசரியில் ஓசூரின் வடிவம் கரைந்துவிடுவதில் வியப்பில்லை. நகர்ப்புறம், கிராமப்புறம் என்று பிரித்துப் பார்த்தாலும் இது தீராது. அன்று நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த சுற்றுப்புறக் கிராமங்களில் வாடகைக்குக் குடியிருந்து வேலைக்குப் போனவர்கள் கிராமப்புற வரியில் அடங்கிவிட்டார்கள்.

மூன்றாவது, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை என்ற கேள்வியே இல்லாமை. கணக்கெடுப்பு 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. அந்த இடைவெளியில் வீட்டில் தங்கியவர் அவ்வீட்டு உறுப்பினராகவே எழுதப்பட்டார். திங்கள் காலை கிளம்பிப் பெங்களூரில் பி.ஜி. விடுதியில் தங்கி வெள்ளி இரவு ஓசூர் திரும்புகிறவரும், நாள்தோறும் போய்வருகிறவரும் ‘31–50’ என்ற ஒரே கட்டத்துக்குள் வரக்கூடும். வார இறுதியில் வருகிறவர் பெங்களூரில் எழுதப்பட்டிருந்தால் அவர் குடிபெயர்ந்தவர். ஓசூரில் எழுதப்பட்டிருந்தால் அவர் பயணி. எந்த நாளில் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்பதைப் பொறுத்தே அவருடைய வகை அமைகிறது. குடிபெயர்வு அட்டவணையையும் பயண அட்டவணையையும் தனித்தனியே படித்து, இரண்டிலும் எண்ணிக்கை குறைவு என்று சொல்லும் ஆய்வுகள் இந்தக் கசிவைக் கணக்கில் கொள்ளவில்லை.

நான்காவது, எதில் போகிறார் என்ற கேள்வி. நடை, சைக்கிள், இருசக்கர வண்டி, கார்–ஜீப்–வேன், டெம்போ–ஆட்டோ–டாக்சி, பஸ், ரயில், நீர்வழி என்று வகைகள். ஒருவருக்கு ஒரு வகைதான். ஓசூரின் பெரிய ஆலைகளும் பொம்மசந்திரா ஆலைகளும் கம்பெனி பஸ் வைத்து ஆட்களை ஏற்றிவருவது அவ்வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அட்டவணையில் கம்பெனி பஸ்ஸும் அரசுப் பஸ்ஸும் ‘பஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அரசுப் பஸ்கள் மாநிலங்களுக்கிடையிலான உடன்பாட்டின்படி வரையறுத்த எண்ணிக்கையில்தான் எல்லை தாண்டி ஓட முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அந்த எண்ணிக்கையைக் காட்டி, இவ்வளவு பஸ்கள்தாம் ஓடுகின்றன, ஆகவே இவ்வளவு பேர்தாம் போகிறார்கள் என்று முடிவு கட்டுவோர், எல்லைப் பயணத்தின் கணிசமான பகுதியைக் கம்பெனிகளே ஏற்றுக்கொண்டிருப்பதை விட்டுவிடுகிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு நான் எதை நிறுவியிருக்கிறேன் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பெருந்திரளான மக்கள் போகிறார்கள் என்று பி-28ஐ வைத்து நிறுவ முடியாது. போகவில்லை என்றும் அதை வைத்து நிறுவ முடியாது. அட்டவணை இந்தக் கேள்விக்கு வாய் திறக்கவில்லை. திறக்காத வாயைச் சாட்சியாகக் கொண்டவர்கள்தாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அட்டவணையின் இந்த மௌனம் தவிர்க்க முடியாத குறையாகவும் இருந்ததில்லை. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் தனிநபர்ச் சீட்டில் வேலை செய்பவரின் முதன்மைத் தொழிலோடு, அவர் வேலை செய்யும் கிராமம் அல்லது நகரத்தின் பெயரும் கேட்கப்பட்டது. ஓசூரில் அன்று சிப்காட் தலையெடுக்கவில்லை. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் வருவதற்கு இன்னும் ஏறத்தாழப் பத்தாண்டு இருந்தது. எலக்ட்ரானிக் சிட்டி கற்பனையில்கூட இல்லை. அப்படியொரு காலத்தில் ஊர் பெயரைக் கேட்டார்கள். 2001இலும் 2011இலும், எல்லையின் இருபுறமும் ஆலைகள் எழுந்து நின்றபோது, ஊர் பெயரை விட்டுவிட்டுத் தூரத்தையும் வாகனத்தையும் மட்டும் கேட்டார்கள். தூரம் கேட்டவர்களுக்கு மனத்தில் இருந்தது சாலைப் போக்குவரத்து. நெரிசலைக் கணிக்கத் தூரம் போதும். தொழிற்சந்தையை அறிய அது போதாது. போக்குவரத்துக்காகக் கேட்ட கேள்வியிலிருந்து தொழிற்சந்தைக்குப் பதில் தேடியதுதான் பிற்கால ஆய்வுகளின் பிழை.

தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புச் சுற்றுகள் துணைக்கு வரும் என்று சிலர் நம்புகிறார்கள். அவை வேலை செய்யும் இடம் கிராமமா நகரமா என்று கேட்கின்றன. எந்த மாநிலம் என்று கேட்பதில்லை. கைப்பேசிக் கோபுரத் தரவுகளைப் பற்றியும் இப்போது ஆர்வமாகப் பேசுகிறார்கள். பேசி எங்கே இருந்தது என்பதைக் கோபுரம் சொல்லும்; அதைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர் என்ன வேலை செய்கிறார், என்ன சம்பளம் வாங்குகிறார், எந்த மாநிலத்துக்கு வரி கட்டுகிறார் என்பதைச் சொல்லாது. இதற்கு மேல் அதை நீட்ட வேண்டியதில்லை.

இரண்டு நிர்வாக ஆவணங்கள்தாம் உண்மையில் பயன்படக்கூடியவை. ஒன்று தொழில் வரி. அரசியலமைப்பின் 276ஆம் கூறு இதற்கு ஆண்டுக்கு ரூ.2,500 என்ற உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெங்களூரில் சம்பளம் வாங்கும் ஓசூர்வாசியிடம் கர்நாடகத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்குள்ள முதலாளி பிடித்தம் செய்து மாநில அரசுக்குக் கட்டுகிறார். தமிழ்நாட்டில் அதே வரி உள்ளாட்சிக்குப் போகிறது. ஓசூர் சிப்காட்டில் வேலை செய்பவரின் தொழில் வரி ஓசூர் மாநகராட்சிக்கு. அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் பொம்மசந்திராவில் வேலை செய்தால் அவருடைய வரி பெங்களூரு விதான சௌதாவுக்கு. இருவரின் வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர் தர வேண்டியதும் குப்பை அள்ள வேண்டியதும் அதே மாநகராட்சிதான். வரிப் பதிவேட்டில் வேலையிடம் இருக்கிறது. பணியாளரின் குடியிருப்பு இல்லை. ஆகவே ஆய்வுக்கு இது பாதிச் சான்று. ஆனால் எல்லைப் பயணம் கணக்கில் வராமல் போவதால் நிதியில் யாருக்கு நட்டம் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் ஆவணம் வேறில்லை.

மற்றது தொழிலாளர் அரசுக் காப்பீடு. இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். காப்பீடு பெற்றவரின் பதிவில் முதலாளியின் குறியீட்டு எண் இருக்கிறது. அது எந்த மாநிலத்து வட்டார அலுவலகத்தைச் சேர்ந்தது என்று தெரியும். அதே பதிவில் அவர் தம் முகவரியையும், தமக்கும் குடும்பத்துக்கும் வசதியான மருந்தகத்தையும் குறிக்கிறார். கர்நாடக முதலாளியும் ஓசூர் மருந்தகமும் ஒரே பதிவில் சந்தித்தால் அவர் எல்லை தாண்டுகிறவர். குறை உண்டு: 2017 ஜனவரி முதல் மாதச் சம்பள வரம்பு ரூ.21,000, அதற்கு மேல் வாங்கும் மென்பொருள் ஊழியர்கள் இதற்குள் வரமாட்டார்கள். வேறொரு வகையில் இந்தக் குறை ஒரு நன்மை. ஓசூர்–பெங்களூரு பயணம் என்றதும் கணினி நிறுவனத்தாரை மட்டுமே நினைத்துக்கொள்ளும் வழக்கத்தை இது உடைக்கும். ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள், காவலாளிகள், லேத் பட்டறை ஆட்கள், கிடங்குத் தொழிலாளர்கள் ஆகியோர் இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறார்கள். பெயரை நீக்கி, முதலாளியின் மாநிலமும் மருந்தகத்தின் மாவட்டமும் மட்டும் கொண்ட எண்ணிக்கையை வெளியிட்டாலே போதும். அது வெளியிடப்படும்வரை எல்லை தாண்டுவோர் பொருட்படுத்தத் தக்கவர்கள் அல்லர் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

இனி, எதிர்த் தரப்பின் காரண விளக்கத்துக்கு வருவோம். சலுகைகள் மாநிலத்தோடு கட்டப்பட்டிருப்பதால் மக்கள் அசைவதில்லை என்கிறார்கள். சலுகைகள் கட்டப்பட்டிருப்பது உண்மை. ஆனால் அது யாரை எங்கே நிறுத்துகிறது? பெங்களூரில் வேலை கிடைத்த ஓசூர்க் குடும்பம் ஒன்றின் முன்னால் இருக்கும் கணக்கைப் பாருங்கள். பட்டியல் சாதியினராக இருந்தால், ஒரு மாநிலத்துப் பட்டியல் தரும் உரிமை இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது. உச்ச நீதிமன்றம் 1990இலும் 1994இலும் சொன்னதை 2018ஆம் ஆண்டு பீர்சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு மீண்டும் உறுதி செய்தது. பிற்பட்ட வகுப்பினராக இருந்தால் தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டை விட்டுவிட்டுப் போக வேண்டும். மகன் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்து முடித்தால் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டுக்குத் தகுதி பெறுவான். எட்டாம் வகுப்பில் பெங்களூரு பள்ளிக்கு மாற்றினால் அது போயிற்று. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டதே என்று கேட்கலாம். அந்தத் திட்டத்தில் எடுத்துச் செல்ல முடிவது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வரும் பங்கு மட்டும். தமிழ்நாடு தன் கணக்கில் மற்ற அட்டைதாரர்களுக்கும் தரும் விலையில்லா அரிசி எல்லை தாண்டாது.

இத்தனையும் சேர்ந்து குடும்பத்தை ஓசூரில் நிறுத்துகின்றன. சம்பாதிக்கிறவரை நிறுத்துவதில்லை. அவருக்கு வேலை பெங்களூரில் இருக்கிறது. தூரமோ போய்வரக்கூடிய தூரம். சலுகைகள் வீட்டுக்கும் சம்பளம் வேலையிடத்துக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, இரண்டையும் இழக்காமல் இருக்க ஒரே வழி தினமும் எல்லையைத் தாண்டுவது. எந்தக் காரணங்களை வைத்து எல்லையைத் தடுப்புச் சுவராகக் காட்டினார்களோ அதே காரணங்கள் எல்லைப் பயணத்தை உண்டாக்குகின்றன. பெருநகரம் எல்லையிலிருந்து நெடுந்தூரத்தில் இருந்தால் அவர்கள் சொல்வது பலிக்கும். எல்லையை ஒட்டி இருந்தால் தலைகீழாகிறது. குடிபெயர்வு குறைவாகத் தெரியும் எல்லைப்புற மாவட்டங்களில் அன்றாடப் பயணம் மிகுதியாக இருக்க வேண்டும் என்பது இந்த விளக்கத்திலிருந்து பிறக்கும் எதிர்பார்ப்பு. காப்பீட்டுப் பதிவேடு கிடைத்தால் சோதித்துப் பார்க்கக் கூடியது. பொய்த்தால் என் வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆந்திரத்தின் குப்பத்திலிருந்து பெங்களூரு ரயிலேறுவோரையும், கேரளத்தின் காசர்கோட்டிலிருந்து மங்களூரு மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போவோரையும் பார்க்கும்போது பொய்க்காது என்றே தோன்றுகிறது.

ஓசூரே ஒரு தொழில்நகரம், அங்கிருப்பவர்கள் ஏன் வெளியே போக வேண்டும் என்ற மறுப்புக்கு விரிவான பதில் தேவையில்லை. வேலை கொடுக்கும் ஊரும் வேலைக்கு ஆள் அனுப்பும் ஊரும் ஒன்றாக இருப்பது தொழில்வட்டாரங்களின் இயல்பு. தெற்கே வரும் ஆனேக்கல்காரர்களும் இதே அட்டவணையில்தான் காணாமல் போகிறார்கள். பெங்களூரின் மொத்தத் தொழிலாளரில் ஓசூர்க்காரர் ஒரு சிறு பங்குதானே என்பார்கள். இருக்கட்டும். ஓசூரின் தொழிலாளரில் பெங்களூரு போவோர் எத்தனை பங்கு என்பதுதான் கேள்வி. ஒன்றேகால் கோடி மக்களுக்கு மேல் வாழும் நகரத்தை வகுக்கும் எண்ணாக வைத்துக்கொண்டால் எந்தச் சிற்றூரும் சுழியமாகிவிடும்.

எண்ணப்படாமல் இருப்பதன் விளைவு புலமை விவாதத்தோடு நிற்பதில்லை. 2020இல் பெருந்தொற்று முடக்கத்தின்போது தமிழ்நாடு இ-பாஸ் முறையைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அதற்கு ஏற்கப்பட்ட காரணங்கள் திருமணம், இறப்பு, அவசர மருத்துவம் ஆகியவை. காலையில் போய் மாலையில் திரும்புகிறேன், நாளையும் போவேன் என்பவருக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. மாவட்டங்களுக்கிடையிலான பாஸ் செப்டம்பர் 1இல் நீக்கப்பட்ட பிறகும் மாநிலம் தாண்டுவோருக்கு அது தொடர்ந்தது. கேரள எல்லையிலுள்ள தலப்பாடியில் கர்நாடகம் சாலையை மண் போட்டு மூடியது உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. தில்லி வட்டாரத்துக்கு மட்டும் பொதுவான பாஸ் ஒன்றை ஏற்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் ஜூன் மாதத்தில் சொன்னது. அந்த வட்டாரம் ஏற்கெனவே பெயரும் எல்லையும் பெற்றிருந்ததால்தான் அந்த ஆணை அங்கே சாத்தியமாயிற்று என்று கருதுகிறேன்.

இயல்பான நாட்களிலும் இதே நிலைதான். ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து ஜூஜூவாடிவரை தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் அவருக்குக் கட்டணமில்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் எல்லாப் பெண்களுக்கும் அந்த வசதி உண்டு. அத்திப்பள்ளியிலிருந்து பெங்களூரு மாநகரப் பஸ்ஸில் ஏறினால், கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் நடப்பிலிருக்கும் சக்தித் திட்டம் கர்நாடக முகவரிச் சான்று உள்ள பெண்களுக்குத்தான். ஓசூர் ஆதார் அட்டையை நீட்டினால் நடத்துநர் டிக்கெட் கிழித்துக் கையில் கொடுப்பார். இரண்டு மாநிலங்களும் பெண்களுக்கு இலவசப் பயணம் தந்தும், இரண்டையும் ஒரே நாளில் கடக்கிற பெண்ணுக்கு அதன் பாதிதான் கிடைக்கிறது. காவிரிப் பிரச்சினையில் கதவடைப்பு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2023 செப்டம்பரில் நடந்ததுபோலத் தமிழ்நாட்டுப் பஸ்கள் ஜூஜூவாடியோடு நிறுத்தப்படுகின்றன, வேலைக்குப் போயே தீரவேண்டியவர்கள் எல்லையை நடந்து கடக்கிறார்கள்.

2025 ஆகஸ்ட் 10இல் திறக்கப்பட்ட பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திராவோடு நிற்கிறது. அதை ஓசூர்வரை நீட்டுவது பற்றிய பேச்சில் முன்வைக்கப்பட்ட தடை மின்னூட்டம்: கர்நாடகப் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிய 750 வோல்ட் நேர்மின்சாரம், தமிழ்நாட்டுப் பக்கம் மேலே கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். பொறியியல் வேறுபாடு உண்மையானதுதான். அதைத் தீர்க்கப் பணம் செலவழிக்கலாமா என்பதை எத்தனை பேர் தினமும் போய்வருகிறார்கள் என்ற எண்ணைக் கொண்டுதான் தீர்மானிக்க முடியும். சாலையோரத்தில் வண்டிகளை எண்ணிக் கிடைப்பது அந்த எண் அல்ல. சேலத்துக்குப் போகும் காரும் சில்க் போர்டுக்கு வேலைக்குப் போகும் காரும் அதில் ஒன்றே. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஏற்றுப் பின் நிறுத்திவைத்த உள்ளூர்வாசி வேலை ஒதுக்கீட்டு மசோதா, கர்நாடகத்தில் பிறந்து பதினைந்தாண்டு வசித்தவரை உள்ளூர்வாசி என்றது. அது சட்டமாகியிருந்தால் ஓசூரில் எத்தனை வீடுகளைத் தொட்டிருக்கும் என்று கேட்டால் தமிழ்நாடு அரசிடமும் பதில் இல்லை, கர்நாடக அரசிடமும் இல்லை.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. இம்முறை விடைகள் கைப்பேசிச் செயலியில் பதிவாகவிருக்கின்றன. மாநிலம், மாவட்டம் என்ற இரண்டு தெரிவுகளைச் சேர்ப்பதற்குத் தாளும் அச்சும் தேவைப்பட்ட 1971இல் இருந்த சிரமம் இன்று இல்லை. எல்லைப்புற நகரங்களைப் பற்றி எழுதும் ஆய்வாளர்களும், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய இரு மாநிலங்களின் திட்டத் துறைகளும் பதிவாளர் நாயகத்திடம் ஒருமித்துக் கேட்க வேண்டியது ஒன்றே: எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கேட்கும்போது எந்த மாவட்டத்துக்குப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள்.